துரைசானி பார்ட்டியும் கிணற்றுச் சோமாசியும்

ராஜபாளையத்தில் இப்போது எந்த பேக்கரிக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் சீஸ் பஃப் உட்கார்ந்திருக்கிறது. மின்சார அடுப்பு, குளிர்பெட்டி, மாவு தேய்க்க மிஷின் என்று எல்லாம் வந்துவிட்டது. போன மாதம் எங்கள் சமையல்காரர் சங்கத்துக் கூட்டத்தில் இளவட்டங்கள் சிலர் என்னைச் சுற்றி வளைத்து, "ஐஸ் பெட்டி இல்லாத காலத்துல இதெல்லாம் எப்படிப் பண்ணுனீங்க? எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போடுதோம்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சமையல் குறிப்பு கொஞ்சம்தான், என் கல்யாணக் கதைதான் அதிகம். குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் மைதாப் பாக்கெட்டின் முதுகைப் படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் ஞானப்பிரகாசம். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மீசை முளைப்பதற்கு முன்பே கொடைக்கானலில் ஒரு விடுதிச் சமையற்கட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்தேன், பிறகு வெங்காயம் உரித்தேன், பிறகு வெங்காயம் நறுக்க விட்டார்கள். வதக்க விடுவதற்குள் எனக்கு மீசை வந்து, அதைச் சிரைக்கவும் ஆரம்பித்துவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் கட்டினார்கள். மிஷின்களைப் பூட்டுவதற்குச் சீமையிலிருந்து பெர்கின்ஸ் என்று ஒரு துரை, தன் மனைவி துரைசானியோடு வந்து சேர்ந்தார். அவர் பங்களாவில் நான் மேட்டி. மேட்டி என்றால் சமையல்காரனுக்குக் கை ஆள். அடுப்பு மூட்டுவது, கோழி உரிப்பது, திட்டு வாங்குவது, இந்த மூன்றும் என் பொறுப்பு. எங்களுக்கெல்லாம் மேலே பட்லர் சவரிமுத்து ஐயா இருந்தார்.

சவரிமுத்து ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தலைப்பாகை. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். மிகப் பெரிய கோபம் வந்தால் காதுக்குள் வந்து ரகசியம் போலச் சொல்லுவார். சமையற்கட்டில் அவர் உதடு அசைவது தெரிந்தாலே நான் கோழி உரிக்கக் கொல்லைக்குப் போய்விடுவேன். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் முதலில் "எஸ்" என்பார். பால் திரிந்துவிட்டது என்றாலும் எஸ்தான், துரைக்குக் காய்ச்சல் என்றாலும் எஸ்தான். அதற்குப் பிறகுதான் யோசிப்பார்.

அந்த வருஷம் எங்கள் சமையல்காரர் வேறொரு துரையோடு நீலகிரிக்குப் போய்விட்டார். இடம் காலி. அதே சமயம் எனக்குப் பெண்ணும் பார்த்திருந்தார்கள். பார்த்தது சவரிமுத்து ஐயாதான். பெண் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் செசிலி. கோயில் திருநாளில் அவளை ஒரே ஒருமுறை பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் உரித்த கோழிகளுக்கெல்லாம் அவள் முகம்தான். கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் உண்மை அதுதான்.

செசிலிக்கு அப்பா இல்லை. அம்மா மரியபுஷ்பம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் பலகாரம் போட்டுப் பிள்ளையை வளர்த்தவர். மாப்பிள்ளை பார்ப்பதும் விசாரிப்பதும் அவரேதான். பட்லரிடம் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, மேட்டிக்கெல்லாம் எம் மவளக் குடுக்க மாட்டேன். அவன் குக்கா ஆகட்டும், பொறவு பேசுவோம்."

குக் ஆவது துரைசானி கையில் இருந்தது. அந்த அம்மாளுக்கோ வேறொரு கவலை. துரையின் வேலையெல்லாம் மில்லில் பணம் போட்ட பங்காளிகளான ராஜபாளையத்துப் பெரியவர்களோடுதான். பார்ட்டிக்குக் கூப்பிட்டால் மரியாதையாக வருவார்கள். தட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருப்பார்கள். துரை அந்தப் பக்கம் திரும்பும்போது தட்டு மெதுவாகத் தூண் ஓரத்துக்குப் போய்விடும். உள்ளே என்ன கறியோ ஏது கறியோ என்ற பயம்தான் காரணம். சோடாவை மட்டும் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். துரைசானி பல பார்ட்டிகளில் இதைப் பார்த்து நொந்துபோயிருந்தாள். கடைசியில், கறியும் மீனும் வேண்டாம், மாவுக்குள் சீஸ் வைத்து மடித்த பஃப் போடலாம் என்று முடிவு செய்தாள்.

பட்லர் என் பேரைச் சொன்னார். துரைசானி, "இந்தப் பார்ட்டியில் அவர்கள் சாப்பிட்டால் ஞானம்தான் குக். சாப்பிடாவிட்டால் மதுரைக்குச் சொல்லி வேறு ஆள் எடுப்பேன்" என்றாள். ஆக, செசிலி கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு தட்டுப் பஃபில் வந்து நின்றது. எனக்குப் பயத்தைவிடக் குதூகலம்தான் அதிகம். சமையற்கட்டிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். "எஸ். இப்ப ஆடிக்க. மாவு தேய்க்கையில ஆடாத" என்றார் பட்லர்.

இப்போது குறிப்பு. பஃப் மாவுக்கு எதிரி சூடு. மாவுக்கு நடுவில் வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். வெண்ணெய் உருகாமல் ஏடு ஏடாக நின்றால்தான் வேகும்போது இலை இலையாகப் பிரியும். உருகிவிட்டால் சப்பாத்திதான். ராஜபாளையத்து வெயிலில் வெண்ணெய் நம்மைப் பார்த்தாலே உருகும். பார்ட்டி அன்று பட்லர் விடியும் முன்பே என்னை எழுப்பினார். கருங்கல் பலகையை ஈரச் சாக்குப் போட்டுக் குளிரவைத்திருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வெண்ணெயைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துணியில் கட்டிப் பிழிந்து, நீர் போகத் தட்டினோம். பட்லர் தன் கையை நம்பமாட்டார். ஒவ்வொரு மடிப்புக்கும் குனிந்து மாவில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி குறைந்தது தெரிந்தால், "எஸ், படுக்கப் போடு" என்பார். மாவை ஈரத்துணிக்குள் படுக்கவைப்போம். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிதான் இருக்கும். அவர் கன்னத்தில் மாவு அப்பியிருப்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

சீஸ் தகர டப்பாவில் மதுரையிலிருந்து வந்தது. அதைத் துருவி, மிளகும் கொஞ்சம் கடுகுத் தூளும் சேர்த்து, மாவை வட்டமாக வெட்டி, நடுவில் வைத்து, பாதி நிலா போல மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினோம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. பார்ட்டியோ சாயங்காலம். அதுவரை மாவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

"பார்ட்டி நேரத்துல வேர்த்து விறுவிறுத்து நிக்கிறவன் குக் இல்லலே. காலையிலயே முடிச்சுட்டு, சாயங்காலம் கையக் கட்டிக்கிட்டு நிக்கான் பாரு, அவன்தான் குக்கு" என்றார் பட்லர். பிறகு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே பஃப்களை அடுக்கி, மூடி போட்ட பித்தளைத் தூக்குகளில் வைத்து, ஒவ்வொன்றையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். தூக்கின் அடி தண்ணீரைத் தொடும், உள்ளே நீர் போகாது. அவ்வளவு அளவாக இறக்குவார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது தூக்குகள் மினுமினுத்தன. என் கல்யாணம் அங்கே பத்திரமாகத் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பானத்துக்கு வேண்டிய ஐஸ் விருதுநகரிலிருந்து மத்தியான ரயிலில் மரத்தூள் மூட்டையாக வரும். தாமதித்தால் ஸ்டேஷனில் வெறும் மரத்தூள்தான் கிடைக்கும். பட்லரும் நானும் வண்டி பிடித்துப் போனோம். ரயில் தாமதமாக வந்தது. ஐஸோடு திரும்பிப் பங்களாக் கேட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஒரு வாசனை வந்து மோதியது. எண்ணெய் காய்ந்த வாசனையும் ஏலக்காய் வாசனையும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எங்கள் தெருவில் வரும் வாசனை.

சமையற்கட்டில் மரியபுஷ்பம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரிய இரும்புச் சட்டியில் கடலையெண்ணெய் கொதிக்க, என் பஃப்களை ஒவ்வொன்றாகப் பொரித்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாம்பாளம் நிறையச் சீனி. பொரித்ததில் பாதியைச் சீனியில் புரட்டி முடித்துவிட்டார். கிணற்றுக் கயிறுகள் வெளியே வெயிலில் கிடந்தன.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வேலை செய்யும் அழகைப் பார்க்க அவர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ராஜபாளையத்துக்கு ஒரு பருத்தி வண்டி கிளம்பவே அன்றைக்கே ஏறிவிட்டார். வந்தவர் கால் கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். கயிறுகளைப் பார்த்து இழுத்திருக்கிறார். உள்ளே பாதி நிலா மாதிரிப் பச்சை மாவு. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வடிவத்தைப் பொரிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

"வாங்க அண்ணாச்சி. நல்ல வேளை, நான் வந்தேன். இன்னும் செத்த நேரம் போயிருந்தா அம்புட்டும் கூழாப் போயிருக்கும்" என்றார்.

பட்லரின் உதடு அசைந்தது. "எது, தாயி?" என்பது என் காதுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"சோமாசிதான். எவனோ பச்சையா கெணத்துல தொங்கப் போட்டிருக்கான். ஓரமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. சோமாசிய மடிச்ச கையோட பொரிக்கணும்ங்கிறதுகூடவா தெரியாது? ஓரத்த வேற முள்ளால குத்தி வச்சிருக்கான், எண்ணெயில போட்டா வாயப் பொளந்திராதா? எல்லாத்தையும் முறுக்கி விட்டேன். பூரணம்தான் என்னமோ மெழுகு மாதிரி இருக்கு, கப்பல்ல வந்த தேங்காயோ என்னமோ. யாரு செஞ்ச வேல இது?"

பட்லர் என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "அது சோமாசி இல்லை, நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொன்னால் பெண் போய்விடும். நான்தான் கெடுத்தேன் என்று துரைசானியிடம் சொன்னால் வேலை போய்விடும், வேலை போனால் பெண்ணும் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் செசிலி இல்லை. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்தது. அடக்க அடக்க முட்டிக்கொண்டு வந்தது. ஐஸ் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். "அழாத தம்பி, அதான் காப்பாத்திட்டேன்ல" என்று அந்த அம்மாள் வேறு ஆறுதல் சொன்னார்.

மறுபடி செய்ய வழியில்லை. டப்பாவில் சீஸ் தீர்ந்துவிட்டது. பட்லர் சீனி புரட்டாத ஒன்றை எடுத்தார். அடுக்கடுக்காக ஏடுகள் விரிந்து பொன்னிறமாக இருந்தது. கடித்தார். கண்ணை மூடினார். பிறகு சீனி புரட்டிய ஒன்றை எடுத்துக் கடித்தார். அதற்கு நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். செத்துப்போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"நீங்க தின்னு பாத்தீங்களா, தாயி?" என்று கடைசியில் கேட்டார்.

"விருந்துக்கு வச்சத முந்தித் தின்னுற வழக்கம் எனக்குக் கெடையாது."

"எஸ்" என்றார் பட்லர். என் பக்கம் திரும்பி, "கோட்டு எடுலே. சீனி இல்லாதத முதல்ல கொண்டுபோவோம். சீனியில கெடந்தத மூடி வச்சிரு. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று காதுக்குள் சொன்னார்.

சாயங்காலம் தோட்டத்தில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியாயிற்று. துரைமார் நாலைந்து பேர் வந்தார்கள். பங்காளிகள் சரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்து சோடா கேட்டார்கள். பட்லர் வெள்ளித்தட்டில் பஃப்களை ஏந்திப் போனார். பின்னால் துணியோடு நான். துரைசானி தட்டைப் பார்த்தாள். அவள் சொன்னதற்கும் அதில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. புருவம் மேலே ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது.

பட்லர் பங்காளிகளில் மூத்தவர் முன்னால் தட்டை நீட்டினார். அவர் வழக்கம்போல ஒன்றை வாங்கித் தூண் ஓரத்தைத் தேடினார். அதற்குள் கையில் இருந்ததைக் கவனித்துவிட்டார். முறுக்கிய ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கஜ்ஜிக்காய!" என்றார் தெலுங்கில். அவர்கள் வீட்டில் சோமாசிக்கு அதுதான் பேர். வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. பிறகு மெல்லுவது வேகமாயிற்று. "உள்ள என்னமோ உப்பாக் கெடக்கே! நல்லாத்தான இருக்கு! எம்புட்டு மெத்துன்னு இருக்கு!" என்று பக்கத்தில் இருந்தவர் தட்டிலும் ஒன்றை எடுத்துப் போட்டார். வரிசையில் இருந்த எல்லார் கையும் நீண்டது. ஒருவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுத்தார்.

தட்டு காலியாயிற்று. அடுத்த தட்டும் காலி. நான் சமையற்கட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடினேன். சீனி இல்லாதது தீர்ந்துபோனது. வெளியே "இன்னும் கொண்டா" என்று குரல். பட்லர் மூடிய தாம்பாளத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், "எஸ்" என்றார். சீனிச் சோமாசிகள் தோட்டத்துக்குப் போயின.

அதைச் சாப்பிட்டபோதுதான் அமர்க்களம். வெளியே இனிப்பு, கடித்தால் உப்பு, கடைசியில் மிளகுக் காரம். மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். துரை சிரித்தார். காட்டிலாகாத் துரை தன் பங்கைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். மிஷின் விஷயமாக ரொம்ப நாளாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகள் ஒரே தட்டில் கை விட்டுச் சண்டை போட்டார்கள். துரை அவர்கள் நடுவில் உட்கார்ந்து, வாய் நிறையச் சோமாசியோடு என்னவோ பேசினார். அவர்கள் பதிலும் சொன்னார்கள்.

அப்போது நடக்காத காரியம் ஒன்று நடந்தது. துரைசானி சமையற்கட்டுக்கே வந்துவிட்டாள். கையில் பாதி கடித்த சோமாசி, கன்னத்தில் சீனி. கண் கலங்கியிருந்தது. "இதைச் செய்தது யார்?" என்றாள்.

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். பொய்யா, பாதிப் பொய்யா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் மரியபுஷ்பம் அம்மாள் கரண்டியோடு எழுந்துவிட்டார்.

"நாந்தான் பொரிச்சேன். அந்தம்மாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. பச்ச மாவக் கெணத்துல போட்டு வச்சிருந்தானுவ, நான் வரலைன்னா இன்னைக்கு மானம் கப்பலேறியிருக்கும். இப்படி ஆளுகள வச்சுக்கிட்டு அவிய எப்படிக் குடும்பம் நடத்துதாவ?"

பட்லர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "மேடம் வீட்டில் ஒரு நாள் சமைக்கக் கிடைத்ததே பாக்கியம் என்கிறாள் இந்த அம்மாள்."

துரைசானி மரியபுஷ்பம் அம்மாளின் இரண்டு கையையும் எண்ணெயோடு பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைப் பட்லர் தமிழில் சொல்லும்போது அவர் குரல் காதுக்குள் சொல்லும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"நாளையிலிருந்து நீங்கதான் இங்க குக்காம், தாயி. ஞானம் உங்களுக்கு மேட்டியா இருப்பானாம்."

தோட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குக் வேலையை, என் வேலையை, என் கண் முன்னாலேயே இன்னொருவர் இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். மேட்டிக்குப் பெண் இல்லை என்று சொன்ன அதே அம்மாள். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

"ஏலே, இப்ப எதுக்கு அழுத?" என்றார் அவர்.

"மேட்டிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னீங்களே" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தார். தாம்பாளத்தின் அடியில் ஒரே ஒரு சோமாசி மிச்சமிருந்தது. அதை எடுத்துக் கடித்தார். முகம் ஒரு கோணலாகப் போய், கண் விரிந்து, திரும்பி வந்தது.

"இது என்ன கண்றாவிலே?"

"சீஸ். பால்ல செய்யிறது. காலையிலருந்து நானும் பட்லரய்யாவும் செஞ்சோம். சுட வேண்டியது. பொரிக்கக் கூடாது. சீனி கூடவே கூடாது."

அவருக்கு எல்லாம் விளங்கியது. கிணறு, ஐஸ் மூட்டை, என் குலுங்கல், எல்லாம். தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு தோள் ஆடியது, வயிறு ஆடியது, கடைசியில் சத்தமாகவே சிரித்தார். மூச்சு வாங்க, கண்ணீர் வழியச் சிரித்தார். பட்லரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான், சத்தமே வரவில்லை.

"ஏன்லே அப்பவே சொல்லல?"

"சொன்னா செசிலியத் தர மாட்டீங்கல்லா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டு ஐஸுக்குள்ள மூஞ்சிய வச்சிருந்தவன் எம் மவள அழவிட மாட்டான். அதோட இனிமே என் கண்ணு முன்னாலதான கெடக்கப் போற? எனக்கென்ன பயம்? அண்ணாச்சி, சாமியாரப் பாத்து நாள் கேளுங்க" என்றார்.

துரை ஊருக்குக் கப்பல் ஏறும்வரை என் மாமியாருக்குக் கீழேதான் நான் மேட்டி. வீட்டில் அத்தை, சமையற்கட்டில் குக்கம்மா. அவரிடம் வாங்கிய திட்டில்தான் நான் சமையல்காரன் ஆனேன். பிறகு எத்தனையோ பங்களா, எத்தனையோ ஓட்டல். அதெல்லாம் இன்னொருவர் எழுதலாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வேலையாட்கள் எல்லாரும் கேட்பது போல நானும் குக்கம்மா முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்கு லீவு வேணும்."

"எதுக்கு?" சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான், குக்கம்மா. உங்க மவளோட."

கொஞ்சம் யோசித்தார். "சரி, போய்ட்டு வா. பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா இங்க வந்துரணும். சாயங்காலம் துரைக்குப் பார்ட்டி இருக்கு."

வந்தோம். செசிலி பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மாவு தேய்த்தாள். நான் கழுத்தில் மாலையோடு எண்ணெய் காயவைத்தேன். எங்கள் கல்யாண விருந்தை நாங்கள் சாப்பிடவே இல்லை. துரைசானி தட்டில் மிஞ்சியதைத்தான் குக்கம்மாவோடு மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் புரையேறத் தின்றோம்.